46 இலையும் ஒரு சொதியும்

தைப்பொங்கலுக்கு மூன்றாம் நாளை எங்கள் பக்கம் கரிநாள் என்பார்கள். ஊரில் பாதிப் பேர் அன்றைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பாபநாசம், மணிமுத்தாறு என்று தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போவதில்லை. அம்பாசமுத்திரத்தில் மாமனார் காலத்துப் பழைய வீடு. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர், தூத்துக்குடி என்று சிதறிக் கிடக்கும் மொத்தக் குடும்பமும் அன்று மத்தியானம் இங்கே பட்டாசல் என்கிற நடுக்கூடத்தில் இலை போட்டு உட்கார வேண்டும். மாமனார் வைத்துவிட்டுப் போன வழக்கம். பொங்கலன்று இடிசாம்பாரும் கிழங்கும், மறுநாள் அதையே சுண்டவைத்த குழம்பு. இப்படி இரண்டு நாள் போன பிறகு மூன்றாம் நாள் நாக்கு தேங்காய்ப்பால் குழம்பான சொதியைத் தேடும். அதனால் என்ன சமையல் என்று யாரும் கேட்டதில்லை.

2016 வரை இந்த விருந்து அத்தையின் கையில் இருந்தது. என் மாமியார்தான், அப்பாவின் உடன்பிறந்தவர் என்பதால் எனக்குப் பிறந்ததிலிருந்தே அத்தை. முழங்கால் தேய்ந்து, அடுப்படியில் நிற்க முடியாமல் ஆன பிறகு, 2017 பொங்கலுக்குப் பாத்திரப் பரண் சாவி என்னிடம் வந்தது. அந்த வருஷம் நடந்ததையும், கொரோனா வந்த ஒரு வருஷம் தவிர ஆண்டுதோறும் நான் மாற்றிக்கொண்டு வந்ததையும் எழுதுகிறேன். வீட்டில் நாற்பது ஐம்பது பேருக்கு இலை போட நினைக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற குழம்பு என்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றும் சொல்வார்கள். தேங்காயை அரைத்து மூன்று தடவை பால் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் பருப்பும் பச்சைமிளகாய் இஞ்சி விழுதும் சேர்ந்து கொதிக்கும், முதலில் பிழிந்த தலைப்பால் கடைசியில். தலைப்பால் ஊற்றிய பிறகு கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும். சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். நாலு பேருக்கு வைக்கும்போது இதெல்லாம் தானாக நடந்துவிடும். நாற்பது பேருக்கு வைக்கும்போது இதில் ஒன்று தப்பினாலும் மொத்தமும் போகும்.

2017 ஜனவரி 16, திங்கட்கிழமை. 38 பேர். அத்தை வைத்திருந்த பெரிய பித்தளைச் சருவத்தைப் புறவாசலில் கல் அடுப்பில் ஏற்றியிருந்தேன். சோற்றோடு வைக்கிற வெஞ்சனம் 14 வகை என்று தாளில் எழுதி, விடிகாலை 4 மணிக்கே ஆரம்பித்திருந்தேன். 12 மணிக்குத் தலைப்பாலை ஊற்றினேன், விறகை வெளியே இழுத்தேன், பாயசம் அடிப்பிடிக்கிறது என்று யாரோ கூப்பிட உள்ளே போனேன். விறகை இழுத்தேனே தவிர, கங்கு அப்படியே கிடந்தது. அதைவிட முக்கியம், அந்தக் கனத்த பித்தளையும் உள்ளே இருக்கிற குழம்பும் பிடித்து வைத்திருக்கிற சூடு. ஐந்து நிமிஷம் கழித்து வந்தால் சருவம் தளதளவென்று கொதிக்கிறது. புளிப்பு சேர்க்க நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, என் ஓரகத்தி அதிலேயே எலுமிச்சம்பழத்தையும் பிழிந்துவிட்டாள். வெள்ளை வெள்ளையாகத் திப்பி ஒரு பக்கம், மேலே எண்ணெய், கீழே தண்ணீர்.

"திரிஞ்சுபோச்சு மதினி" என்று அவள் அழுதேவிட்டாள். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஏட்டி, கலங்காத. பாசிப்பருப்பு மிச்சம் இருக்கா?" என்றார்கள். அரைக்கிலோ பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, பாயசத்துக்கு வைத்திருந்த இரண்டு தேங்காயின் பாலோடு கலந்து, சருவத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்து அதில் கரைத்தோம். பார்வைக்குத் தேறியது. ருசி சொதி ருசி இல்லை.

இந்த ரிப்பேருக்கு ஒன்றேகால் மணி நேரம் போனது. முதல் பந்தி 2 மணி தாண்டி உட்கார்ந்தது. வழக்கப்படி ஆண்களும் வெளியூர்க்காரர்களும் முதலில். பிறகு பிள்ளைகள், மற்றவர்கள். அடுப்பில் நின்ற பெண்கள் கடைசி. நாங்கள் ஐந்து பேர் இலை போட்டபோது மணி 4:20. பாயசம் முடிந்திருந்தது. சருவத்தை வழித்தால் ஆளுக்கு ஒரு கரண்டி சொதி. அத்தை இலை முன்னால் உட்காரவில்லை, தூணில் சாய்ந்தார்கள். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. காலையில் இரண்டு இட்லியோடு சர்க்கரை மாத்திரை போட்டவர்கள், அதற்குப் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை. கொழுந்தன் மகள்தான் ஓடிப்போய்ச் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்கள். முன்கட்டுத் தார்சாவில் சாப்பிட்டு முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நாற்பது வருஷமாக அத்தை இப்படித்தான் 4 மணிக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பது அன்று ராத்திரி எனக்கு உறைத்தது. எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வருஷத்துக்கு ஒரே ஒரு முடிவு எடுத்தேன்: அடுப்பில் நின்றவர்கள் முதல் பந்தியில் உட்கார வேண்டும். மற்ற எல்லா மாற்றமும் அதிலிருந்து வந்ததுதான். முதல் பந்தியில் நாங்கள் உட்கார வேண்டுமென்றால் 12:30க்கு அடுப்பில் வேலை இருக்கக் கூடாது. அப்படியென்றால் 14 வெஞ்சனம் ஆகாது. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குக் காரக்கறி, அவியல், அப்பளம், ரசம், மோர், சிறுபருப்புப் பாயசம் என்று நிறுத்தினேன். குறைத்துவிட்டாளே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சொதியும் இஞ்சிப் பச்சடியும் சரியாக இருந்தால் எங்கள் ஆட்களுக்கு மற்றதெல்லாம் இலையை நிரப்பத்தான்.

இஞ்சிப் பச்சடியை முதல்நாளே வைத்துவிடலாம். வதக்கிய இஞ்சியை அரைத்து, புளி, வெல்லம் சேர்த்துச் சுண்டக் காய்ச்சுவதால் மறுநாள் ருசி கூடும். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும், அதற்கு இஞ்சி வேண்டும். சொதி இருக்கும் இலையில் இது கட்டாயம். இந்த விருந்தை ராத்திரிக்கு மாற்றலாமே, பகலெல்லாம் சாவகாசமாகச் சமைக்கலாமே என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள். காலையில் இஞ்சி, பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று கேட்டு வளர்ந்த பெரியவர்கள் ராத்திரியில் இஞ்சியைத் தொட மாட்டார்கள். தவிர, ஊர் திரும்புகிறவர்கள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். இங்கிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மத்தியானம்தான் சரி.

காய் நறுக்குவது முதல்நாள் ராத்திரி. இதை ஒரு வேலையாகவே நினைக்க வேண்டாம். தார்சாவில் பாய் விரித்து, ஊரிலிருந்து வந்த எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே முடித்துவிடலாம். பீன்ஸ், கேரட் நறுக்கி ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம். உருளைக்கிழங்கை நறுக்கினால் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுக்கும். சின்ன வெங்காயமும் பூண்டும் உரிக்க ஆண்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்துவிடுவேன். தேங்காயை மட்டும் முதல்நாள் உடைக்கக் கூடாது. தேங்காய்ப்பால் சீக்கிரம் புளித்துப்போகும். காலை 9 மணிக்குமேல் உடைத்து, துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்தால் போதும். தலைப்பாலைத் தனிப் பாத்திரத்தில் வாயைத் துணியால் மூடி, அடுப்புச் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கட்டியாக உறைந்துவிடும். அப்படியே சூட்டில் ஊற்றினால் கரையாமல் மிதக்கும்.

2025-இல் 46 இலை. என் நோட்டில் இருக்கிற கணக்கு இது: அரிசி 6 கிலோ, தேங்காய் நடுத்தரமாக 14, பாசிப்பருப்பு 600 கிராம், உருளைக்கிழங்கு சொதிக்கும் காரக்கறிக்குமாக 5 கிலோ, கேரட் ஒன்றரை கிலோ, பீன்ஸ் 1 கிலோ, முருங்கைக்காய் 12, சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு கால் கிலோ, எலுமிச்சம்பழம் 12. நல்ல சாறு வருகிறதென்றால் 10 போதும். புளியங்குடிப் பழம் கிடைத்தால் அப்படித்தான் வரும். அரிசி அம்பை 16, எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகம். குண்டரிசிச் சோறு சொதியை உறிஞ்சிக்கொள்கிற மாதிரி சன்ன அரிசி உறிஞ்சுவதில்லை என்பது என் கட்சி. பொன்னிதான் வேண்டும் என்கிறவர்களும் வீட்டில் உண்டு. அப்பளம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து. ஆளுக்கு இரண்டு என்று கணக்கு வைத்தால் கடைசியில் குறையும், மூன்றாக வாங்குங்கள்.

ஆட்களை எண்ணும்போது தலையை எண்ணாமல் இலையை எண்ண வேண்டும். அம்மா மடியில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைக்கு இலை கிடையாது. ஆனால் 15 வயசுப் பையனின் ஒரு இலை இரண்டு இலைக்குச் சமம். போகிக்கு முன்னாலேயே வீட்டுக்கு ஒருவராக போன் போட்டுக் கேட்டு எழுதிவிடுவேன். "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றால் வருகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இப்போது சருவத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய பித்தளைக்குப் பதில் 10 லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் சருவம் இரண்டு, இரண்டும் கேஸ் அடுப்பில். அடைத்தால் உடனே தீ நிற்கும், பாத்திரமும் சீக்கிரம் சூடு தணியும். கல் அடுப்பு சோறு வடிக்கவும் வெந்நீருக்கும் மட்டும். பித்தளையில் வைத்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். எலுமிச்சை படுகிற குழம்பை ஈயம் போன பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறிவிடும், வயிற்றுக்கும் ஆகாது. உப்பைத் தலைப்பாலுக்கு முன்பே போட்டு ருசி பார்த்துவிட வேண்டும். தலைப்பாலில் ஒரு ஸ்பூன் அரிசிமாவு கரைத்து, கொதிக்கிற சொதியில் இரண்டு கரண்டி எடுத்து முதலில் அந்தப் பாலில் விட்டுக் கலந்து, பிறகு அடுப்பைக் குறைத்து மெதுவாக ஊற்றினால் திரியாது. ஊற்றுகிறவர் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வீடே தீப்பிடித்தாலும் வேறு யாராவது அணைக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு சருவத்தில் இன்னொரு லாபம் இருக்கிறது. இரண்டிலும் இரண்டாம் பால்வரை ஒன்றாகவே கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். முதல் சருவத்துக்கு மட்டும் 12:20க்குத் தலைப்பால். முதல் பந்தி எழுந்து, பட்டாசலைத் துடைத்து, அடுத்த இலை போடுகிற பத்து நிமிஷத்தில் இரண்டாவது சருவத்தைச் சூடாக்கி அதற்குத் தலைப்பால். இரண்டு பந்திக்கும் புதுச் சொதி கிடைக்கும். ஒன்று திரிந்தாலும் பாதி பிழைக்கும். சோறும் அப்படியே, இரண்டு வடி.

2018-இல் பந்தி விஷயத்தைச் சொன்னதும் சின்ன மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "விருந்தாளிய நிக்க வச்சுட்டு வீட்டுப் பொம்பளைய மொதல்ல இருக்கதா? கேட்டா நாலு பேரு சிரிப்பாவ" என்றார். "இங்க விருந்தாளி யாரு மாமா? எல்லாரும் இந்த வீட்டுப் பிள்ளையதான" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, முகம் மட்டும் இறுகி இருந்தது. அவரைவிடப் பெரிய தடை அத்தைதான். "நான் கடைசில இருந்துக்கிடுதேன், நீங்க இருங்க" என்று அடுக்களையை விட்டு நகரவில்லை. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

அந்த இலை முன்னால் அத்தைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தண்ணீர் தெளித்தார்கள், துடைத்தார்கள், மறுபடி தெளித்தார்கள். பக்கத்துப் பிள்ளையின் இலை நுனியை இடப்பக்கம் திருப்பி வைத்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தார்கள். கொழுந்தன் சோறு வைத்து, தூக்குவாளியிலிருந்து சொதியை ஊற்றினான். ஆவி பறக்கிறது. ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "சூட்டோட இருந்தா இப்படியா இருக்கும் இது?" என்றார்கள். நாற்பது வருஷமாகச் சொதி வைத்தவர்கள் கேட்ட கேள்வி. பரிமாறிக்கொண்டிருந்த ஆண்கள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்கள். சின்ன மாமா மோர்வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினார்.

இப்போது முதல் பந்தி யாருக்கு என்பதில் சண்டையே இல்லை. மாத்திரை போடுகிறவர்கள், அடுப்பில் நின்றவர்கள் (உதவிக்கு வருகிற அக்காவும் இதில் சேர்த்தி), சின்னப் பிள்ளைகளும் அவர்கள் அம்மாமாரும். பட்டாசலில் பக்கத்துக்கு 12 என்று 24 இலை போடலாம். கீழே உட்கார முடியாத பெரியவர்களுக்குத் தார்சாவில் மேஜை போட்டேன் ஒரு வருஷம்; "எங்கள ஒதுக்கி வச்சுட்டியளோ" என்று பெரிய சித்தி சாப்பிடாமலே எழப் பார்த்தார்கள். அதிலிருந்து மேஜையும் பட்டாசலுக்குள்ளேயே ஒரு ஓரம், எல்லார் முகமும் தெரிகிற மாதிரி.

பரிமாறுவதைச் சும்மா விட்டால் நடக்காது, ஆள் பிரித்துக் கொடுக்க வேண்டும். 24 இலைக்கு ஆறு பேர்: சோற்றுக்கு ஒருவர், சொதிக்கு இருவர், கறி வகைக்கு ஒருவர், அப்பளம் பாயசத்துக்கு ஒருவர், கையில் ஒன்றும் இல்லாமல் நடந்து நடந்து யாருக்கு என்ன குறைகிறது என்று பார்க்க ஒருவர். இந்த ஆறாவது ஆள் இல்லாத பந்தி பந்தியே இல்லை. கேட்டு வாங்கத் தெரியாத மனிதர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். புது மருமகள், சம்பந்தி வீட்டுப் பாட்டி, வேலை போன மச்சான். அவர்கள் இலையை முதலில் பார்க்கச் சொல்லுவேன். தூக்குவாளியைப் பாதிதான் நிரப்ப வேண்டும். தளும்பத் தளும்பக் கொண்டுவந்து ஒருமுறை ஒரு பிள்ளையின் கால் கொப்புளித்துவிட்டது. பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைப்பதும் அதற்குப் பிறகுதான்.

சமையலை விட்டு இன்னும் சில. காலையில் எல்லாரும் குளித்து முடித்ததும் மோட்டார் போட்டு மேல்தொட்டியை மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு வருஷம் சரியாகக் கைகழுவும் நேரத்தில் குழாயில் காற்று வந்தது. சிலிண்டர் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். செலவை நான் பணமாக வாங்குவதில்லை. தோப்பு வைத்திருக்கிறவர் தேங்காய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் அப்பளம், சென்னைக்காரர்கள் மளிகை, பையன்கள் இலைக்கட்டு என்று ஆளுக்கொன்று. யாருக்கும் பாரமில்லை, யாரும் சும்மா வந்து சாப்பிட்ட உணர்வோடும் போவதில்லை. மீந்த சொதியை ராத்திரிக்கு வைக்காதீர்கள். 3 மணிக்குள் பக்கத்து வீடுகளுக்குத் தூக்குவாளியில் போய்விட வேண்டும். எச்சில் இலை பக்கத்துத் தொழுவத்து மாடுகளுக்கு. பாத்திரம் கழுவுவது இரண்டாம் பந்தி ஆட்கள். ரயிலுக்குப் போகிறவர்களுக்கு இட்லியில் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி முதல் பந்தி முடிந்ததுமே கட்டி வைத்துவிடுவோம்.

2025 ஜனவரி 16. அந்த வருஷம் மறுநாள் 17-ஆம் தேதியும் அரசு விடுமுறை விட்டதால் வராதவர்களும் வந்துவிட்டார்கள். அடுப்பருகே ஒரு நாற்காலி போட்டிருந்தேன். அத்தை அதில் உட்கார்ந்து, தலைப்பால் பாத்திரத்தை மடியில் வைத்து அரிசிமாவைக் கரைத்தார்கள். நான் சருவத்தைக் கிண்ட, அவர்கள் நூல் மாதிரி ஊற்றினார்கள். ஓரத்தில் நுரை கட்டியது. "அடை" என்றார்கள். அடைத்தேன். பட்டாசலில் பையன்கள் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எலுமிச்சம்பழம் நறுக்கத் திரும்பிய நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தது. போய்ப் பார்த்தால் மேஜையில் மூன்றாவது இலை முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். பேரனைக் கூப்பிட்டு, "ஏல, இங்கன உப்பு வைக்கல" என்றார்கள்.